நித்யாவின் தள்ளுவண்டியும் இரண்டு வல்லரசுகளும்

ஜெனீவாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், குழந்தைகளின் தள்ளுவண்டிகளை நிலவறையில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மகள் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரவல் வாங்கிய வண்டியை இன்னொரு கையால் படிப்படியாக இறக்கினேன். கீழே ஒரு கதவு திறந்து கிடந்தது. ஒரு சாணுக்கு மேல் கனம். முழுக்கச் சிமெண்ட். ஓரத்தில் கப்பலில் இருப்பதுபோல இரும்புத் தாழ்கள்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் போர்த்துகல்காரர். எல்லோரும் அவரை மதாம் என்றே கூப்பிட்டார்கள். அவர் சொன்னதை என் கணவர் ரகு மொழிபெயர்த்தார். அணுகுண்டு விழுந்தால் எல்லோரும் இங்கே வந்துவிட வேண்டும். இந்த நாட்டில் வீடு கட்டினால் இப்படி ஓர் அறையும் வேண்டுமாம். குண்டு விழும்வரை பனிச்சறுக்குக் கட்டைகள், உருளைக்கிழங்கு, ஒயின் புட்டிகள், தள்ளுவண்டிகள். மதாம் மூன்று விரலைக் காட்டினார். எங்கள் குடும்பத்துக்கு மூன்று இடம். குழந்தைக்கும் முழு இடம்தான் என்று நித்யாவின் கன்னத்தைத் தட்டினார்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கதவை உள்ளேயிருந்து சாத்துவார்களா, வெளியிலிருந்தா? பால் எத்தனை நாளுக்கு வைத்திருப்பார்கள்? ரகுவிடம் கேட்டேன்.

"வண்டி வெக்கிற எடத்தப் பத்தி இவ்வளவு கேள்வியா, கோமதி?" என்றார்.

அவர் வேலையே குண்டுகளைப் பற்றியதுதான். எண்பத்தைந்தாம் ஆண்டு அது. ஜெனீவாவில் நடக்கும் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் நம் நாட்டுத் தூதுக்குழுவில் அவர் கடைசி வரிசை அலுவலர். மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வது வேலை. நானும் ஒன்றேகால் வயது நித்யாவும் திருச்சியிலிருந்து கோடைக்கு மட்டும் போயிருந்தோம். "என்ன பேசுறாங்க?" என்று கேட்டால், "எதைப் பத்திப் பேசலாம்னு ரெண்டு மாசமா பேசுறாங்க" என்பார்.

தினமும் காலையில் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போய் வண்டியை எடுத்து வருவேன். மாலையில் திரும்ப வைப்பேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று இரண்டாவது வாரம் கவலைப்பட்டேன்.

அந்த ஊர் டிராமில் கண்டக்டர் கிடையாது. நிறுத்தத்திலேயே இயந்திரத்தில் சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை தெரியாமல் ஏறிவிட்டு, கையில் காசை நீட்டியபடி வண்டி முழுக்க ஆளைத் தேடினேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசவும் மாட்டார்கள். ஆனால் குழந்தையின் காலில் உறை இல்லை என்றால் மட்டும் பேசுவார்கள். வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மூதாட்டி என்னை நிறுத்தி, நித்யாவின் வெறும் பாதத்தைக் காட்டி நீளமாகத் திட்டினார். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று வீட்டுக்குப் போய் அவளுக்கு இரண்டு ஜோடி உறை போட்டேன். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தாள்.

திருச்சியில் கூட்டமான பஸ்ஸில் ஏறினால், உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மடியில் குழந்தையைக் கொடுத்துவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பெயர் கேட்டதில்லை. இறங்கும்போது வாங்கிக்கொள்வேன். இதை ஜெனீவாவில் ஒருவரிடம் சொன்னேன். அவர் கண் விரிந்ததைப் பார்த்ததும், இத்தனை நாள் தப்புச் செய்துகொண்டிருந்தேனோ என்று தோன்றிவிட்டது.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை ரகு சீக்கிரம் வந்தார். ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை ரெண்டு பேர் சாப்பிட வராங்க. ஒருத்தர் அமெரிக்கர். ஒருத்தர் ரஷ்யர்."

பெயர்களை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பதால் அப்படியே எழுதுகிறேன். எந்தக் குழு என்பதையும் எழுதக் கூடாதாம். இருவரும் மாநாட்டின் ஒரே குழுவில் இருந்தார்கள். குழு இன்னும் ஒருநாள்கூடக் கூடவில்லை, நிகழ்ச்சி நிரல் முடிவாகாததால். அடுத்த மாதத்தோடு மாநாடு கலைகிறது. அதற்குள் முடியாவிட்டால் இந்த ஆண்டு குழுவே இல்லை.

"ரெண்டு பேரும் ஒரே காபி மெஷின்கிட்டதான் நிக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அங்கயே பேசிக்கக் கூடாதா?"

"பேசினா அது பேச்சுவார்த்தை ஆயிடும். அதுக்கு அவங்கவங்க ஊர்லேர்ந்து அனுமதி வரணும். சாப்பாட்டுக்கு அனுமதி ஈஸி."

"அதுக்கு நம்ம வீடா? இவ்வளவு பெரிய ஹோட்டலெல்லாம் இருக்கே."

"பெரிய எடத்துல சாப்பிட்டா பெரிய விஷயம் ஆயிடும். நாம சின்னவங்க. அதனாலதான் எங்க தூதர் நம்மளச் சொல்லியிருக்கார்."

"கெட்டுப்போனா?"

அவர் ஷூ நாடாவை அவிழ்த்தார். "கெட்டுப்போனா யாருக்கும் தெரியாது. ஆனா இன்னொரு தடவை கேக்க முடியாது."

எனக்கு நிலவறைக் கதவுதான் ஞாபகம் வந்தது. என்ன சமைப்பது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

வியாழக்கிழமை ரெனானுக்குப் போனேன். லோசான் நகரத்தை ஒட்டிய ஊர். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த திலகம் அக்காவின் வீட்டில் கறிவேப்பிலையும் உளுந்தும் கிடைக்கும் என்று தூதுக்குழு டிரைவர் நம்பர் தந்திருந்தார். ரயில் ஏறி, நித்யாவுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தால், ரெனான் என்ற பலகை என் கண் முன்னாலேயே விரைந்து பின்னால் போனது. வேக ரயில் அங்கே நிற்காதாம். லோசானில் இறங்கி, வண்டியோடு டிராலி பஸ் பிடித்து, வந்த வழியே திரும்பினேன். பஸ்ஸில் ஏற ஒரு பெரியவர் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் போய் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துவிட்டார்.

திலகம் அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் லோசானில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள்.

"வாங்கோ தங்கச்சி, ஏன் வாசல்ல நிக்கிறியள்? பிள்ளைக்குப் பால் குடுத்தனீங்களோ?" என்று நித்யாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார். அந்த நாட்டில் என் குழந்தையை அப்படி யாரும் வாங்கியதில்லை.

எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ரகு சொல்லியிருந்தார். நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ரஷ்யாவும் அமெரிக்காவும் உங்கட வீட்டில சாப்பிட வரப்போகினமோ? கடவுளே! அப்ப உறைப்பைக் குறையுங்கோ. உறைப்புக் கூடினா குண்டு போட்டிடுவினம்."

இருவரும் சிரித்தோம். நான் நிலவறைக் கதவைப் பற்றிச் சொன்னேன்.

"எங்கட கட்டடத்திலயும் இருக்கு. நாங்கள் அதுக்குள்ள அரிசி மூட்டை வச்சிருக்கிறம். ரெண்டு வருசமாப் பெர்மி குடுக்கேல்லை, திருப்பி அனுப்புவினமோ எண்டும் தெரியாது. ஆனா அணுகுண்டு விழுந்தா எங்களுக்கும் ரெண்டு இடமாம்!" என்றார். தங்கும் அனுமதிச் சீட்டைத்தான் பெர்மி என்கிறார்கள்.

உறைபெட்டியிலிருந்து ஒரு பை கறிவேப்பிலையை எடுத்து, பாதியைப் பிரித்து எனக்குக் கொடுத்தார். மீதிப் பையை முடிச்சுப் போட்டு உள்ளே வைத்தார்.

"எங்கட ஆக்களும் இப்ப கதைக்கினம், தெரியுமோ? இமயமலைப் பக்கம் ஒரு ஊரில. அரசாங்கமும் இயக்கங்களும். என்ர தம்பி யாழ்ப்பாணத்திலதான் இருக்கிறான்."

"நல்லபடியா முடியுமா அக்கா?"

"ஆருக்குத் தெரியும்? கதைச்சுக்கொண்டிருக்கேக்க சுடமாட்டினம் எல்லோ. எனக்கு இப்போதைக்கு அது காணும், அதுவே போதும்." வாசல்வரை வந்து, "அவையள் ரெண்டு பேரும் கதைச்சவையோ எண்டு எனக்கொருக்கா போன் அடியுங்கோ" என்றார்.

சனிக்கிழமை காலையிலிருந்து வேலை. உளுந்து அரைக்கும்போது கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமல் இருக்க மிக்ஸிக்கு அடியில் இரண்டு துண்டை மடித்து வைத்தேன். ரகுவுக்கு வேறு கவலை. எங்கள் மேஜை நீளமானது. தலைப்பக்கத்தில் யாரை உட்கார வைப்பது? அமெரிக்கரை வைத்தால் ரஷ்யருக்குக் குறை. ரஷ்யரை வைத்தால் அமெரிக்கருக்குக் குறை. தானே உட்கார்ந்தால் தானே நடத்துவதுபோல ஆகிவிடும். கடைசியில் மதாமிடம் இரவல் வாங்கிய குழந்தை நாற்காலியை அங்கே போட்டார். தலைமை நித்யா.

ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தது. பால்கனியிலிருந்து பார்த்தேன். ஒரு கறுப்புக் கார் எங்கள் தெருவை இரண்டு முறை சுற்றியது. எதிர்ச்சாரியில் ஓர் உயரமான மனிதர் பூக்கடை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கும் முதல் ஆளாக வர மனமில்லை. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் லிஃப்டில் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆளின் மூச்சுக்கு இடமில்லை. அது திறந்தபோது அமெரிக்கர், ரஷ்யர், ரஷ்யரோடு துணைக்கு வந்த ஒரு தடித்த மனிதர் மூவரும் ஒருவரையொருவர் தொடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துணைக்கு வந்தவர் ஏன் வந்தார் என்று ரகு எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அவர்கள் தனியாக எங்கும் போவதில்லை. பேசுவதைக் கேட்டுக்கொள்ள ஒருவர் கூடவே வருவார்.

எவர்சில்வர் தட்டுகளை வைத்துப் பரிமாறினேன். வடை, சாம்பார், எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குக் கறி, ரசம். ரகு வானிலையைப் பற்றிப் பேசினார். ஏரியைப் பற்றிப் பேசினார். அமெரிக்கர் ரகுவைப் பார்த்துப் பதில் சொன்னார். ரஷ்யரும் ரகுவைப் பார்த்தே பதில் சொன்னார். இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் முகத்தைப் பார்த்தே பேசினால் அந்த ஒருவருக்கு எப்படி வியர்க்கும் என்று அன்று கண்டேன்.

அவர்கள் தட்டு மட்டும் நன்றாகக் காலியானது. எனக்குச் சந்தோஷம். காலித் தட்டைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்குமா? வைத்தேன். "போதும், நன்றி" என்றார் அமெரிக்கர். போதும் என்பதை நம்மில் யார் நம்புகிறோம்? தட்டுக்குமேல் கையைக் குவித்து மறைத்தால்தான் கரண்டியை நிறுத்துவோம். அப்போதும் விரலிடுக்கில் கொஞ்சம் விழும். இன்னொரு வடை வைத்தேன். அவர் சாப்பிட்டார். அதைப் பார்த்து ரஷ்யரும் தன் தட்டை முடித்தார். அவருக்கும் வைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது. இருவருக்கும் அவரவர் அலுவலகத்தில் இந்திய வீட்டு விருந்தைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: தட்டில் மிச்சம் வைத்தால் வீட்டுக்காரி மனம் புண்படும். ஆகவே அவர்கள் காலி செய்தார்கள். காலி செய்ததால் நான் நிரப்பினேன். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் வைத்துவிட்டு எழுந்தால் நன்றாக இருக்காது என்பதால் இருவருமே விடவில்லை. மூன்று பேருமே நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். அமெரிக்கர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். ரஷ்யரின் நெற்றி மினுமினுத்தது. துணைக்கு வந்தவர் மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் மறுபடியும் வடைப் பாத்திரத்தோடு வந்தேன். ரஷ்யர் கையைத் தட்டுக்குமேல் பாதி கொண்டுவந்தார். எதிரே பார்த்தார். அமெரிக்கரின் தட்டு திறந்தே இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு தட்டைப் பார்த்தபடியே, மிகவும் மெதுவாக, ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்."

அன்று மாலை அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"யார் முதலில்?" என்றார் அமெரிக்கர்.

"ஒரே நேரத்தில்."

"பின்னால் இனிப்பு ஒன்று வருகிறது என்று நினைக்கிறேன். அதுவும் சேருமா?"

"அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்."

ரகு மெல்லுவதை நிறுத்திவிட்டார். இருவரும் கண்ணால் எண்ணி, நான்கு உள்ளங்கைகளையும் தட்டுகளின்மேல் வைத்தார்கள். தலைப்பக்கத்தில் இருந்த நித்யா எட்டி அமெரிக்கரின் சுண்டுவிரலைத் தூக்கி, கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

"சோதனை நடக்கிறது" என்றார் ரஷ்யர்.

அமெரிக்கர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடைப் பாத்திரத்தோடு நின்ற இடத்திலேயே நின்றேன். சாப்பாடு பிடிக்கவில்லை, அதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். துணைக்கு வந்தவர் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அவருக்கு வைத்தேன். பாயசமும் இரண்டு கிண்ணம் கொடுத்தேன். அவர் சோபாவுக்குப் போய்ச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலை பின்னுக்குப் போய், வாய் திறந்து, குறட்டை வந்தது.

அந்தச் சத்தத்தில் நித்யா அழ ஆரம்பித்தாள். அவள் தூங்கும் நேரம் தாண்டியிருந்தது. தோளில் போட்டுத் தட்டினேன், பால் கொடுத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை.

"எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் தள்ளுவண்டியில்தான் தூங்கின" என்றார் அமெரிக்கர்.

"உங்கள் ஊர்ச் சாலையிலா? வழுவழுவென்று இருக்குமே. குழந்தை தூங்க வண்டி கொஞ்சம் குலுங்க வேண்டும். என் மகளுக்கு எங்கள் தெருவே போதும்" என்றார் ரஷ்யர்.

"ஏரிக்கரையில் சரளைக்கல் பாதை இருக்கிறது."

"சரளைக்கல் நல்லதுதான்."

இருவரும் சோபாவைப் பார்த்தார்கள். குறட்டை சீராக வந்தது. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கொஞ்சம் நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நான் இல்லை" என்று ரஷ்யர் வயிற்றைத் தடவினார். "வீட்டுக்காரம்மாவுக்கு உதவியாகவும் இருக்கும்."

எனக்குப் புரியவே கொஞ்சம் நேரமாயிற்று. என் மகளைக் கேட்கிறார்கள்.

"கோமதி, அனுப்பு" என்றார் ரகு, தமிழில், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"நீங்களும் கூடப் போங்க."

"நான் போனா அது கூட்டம். நாளைக்கு எழுதிக் குடுக்கணும். அவங்க மட்டும் போனா, கொழந்தையத் தூங்க வெச்சாங்க, அவ்வளவுதான்."

"குழந்தைங்க அவ."

"தெரியும். உனக்கு வேணாம்னா வேணாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அப்படிச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டாயப்படுத்தியிருந்தால் மறுத்திருப்பேன். இந்த இருவரின் நாடுகளுக்குப் பயந்துதான் கீழே அந்தக் கதவு இருக்கிறது. இவர்கள் பெயரைக்கூட நான் சரியாகச் சொல்லமாட்டேன். திருச்சி பஸ்ஸில் யார் பெயரைக் கேட்டேன் என்றும் தோன்றியது. நித்யாவுக்குக் குல்லாய் போட்டேன். காலுறை போட்டேன். வண்டி அன்று மதியத்திலிருந்து கீழே வாசலில்தான் நின்றது, விதியை மீறி. அவளை அதில் உட்கார வைத்து, வாரை மாட்டி, கைப்பிடியை விட்டேன். அது எப்படி என் கையை விட்டுப் போனது என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஜெனீவாவில் ஜூலை மாதம் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். மேலே வந்து நான்காம் மாடிப் பால்கனியில் நின்றேன். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை, நடுவில் வண்டி. சாலையைக் கடந்தார்கள். பச்சை விளக்குக்காக நின்றார்கள், அதில் கொஞ்சம் நிம்மதி. பிறகு மரங்களுக்குள் போனார்கள். பிறகு தெரியவில்லை.

ரகு பாத்திரம் கழுவினார். நான் துடைத்தேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன். தாகம் எடுத்தால் என்ன செய்வாள்? அவள் 'ம்மா' என்றால் என்னைக் கேட்கிறாள், 'ம்ம்மா' என்று இழுத்தால் தண்ணீர். இது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நேரம் போய்க்கொண்டே இருந்தது. துண்டைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ரகு தடுக்கவில்லை.

ஏரிக்கரைப் பாதையில் தூரத்தில் அவர்களைக் கண்டேன். என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்கள். கைப்பிடியின் ஒரு பக்கம் அமெரிக்கரின் கை, மறுபக்கம் ரஷ்யரின் கை. அமெரிக்கர் காலியாயிருந்த கையால் காற்றை வெட்டி வெட்டிப் பேசினார். ரஷ்யர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று தெரியாத ஓர் ஆட்டம். நான் கிட்டத்தட்ட ஓடினேன். ரஷ்யர் உதட்டில் விரலை வைத்தார்.

அவர்கள் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே, "நிற்க முடியாது" என்று கிசுகிசுத்தார் அமெரிக்கர். "வண்டி நின்றால் கண்ணைத் திறந்துவிடுகிறாள். இரண்டு முறை ஆகிவிட்டது."

"அதனால் நடந்துகொண்டே இருக்கிறோம்" என்றார் ரஷ்யர்.

எட்டிப் பார்த்தேன். குல்லாய் கண்வரை இறங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு காலுறை அமெரிக்கரின் மேல்சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

வேறு வழியில்லாமல் நானும் திரும்பி, கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடந்தேன். இன்னொரு சுற்று. ஏவுகணை, குண்டு என்று எதுவும் என் காதில் விழவில்லை. சரளைக்கல் சத்தத்துக்கு நடுவே ஒருமுறை மட்டும் ரஷ்யர், "அது என்னால் முடியாது" என்றார்.

"முடியாது என்று தெரியும். முடிவது எது என்று சொல்லுங்கள்" என்றார் அமெரிக்கர்.

பிறகு நான் இன்னும் கொஞ்சம் பின்தங்கிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்பதுபோல இருந்தது.

கட்டடத்துக்கு வந்ததும் நித்யாவை விழிக்காமல் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். வண்டியை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். நான் வைத்துக்கொள்கிறேன் என்றதைக் கேட்காமல் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். விளக்கைப் போட்டேன். அந்தக் கதவின் முன்னால் இருவரும் நின்றுவிட்டார்கள். இப்படிப்பட்ட அறைகளைப் பற்றி அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். ஆனால் உருளைக்கிழங்கும் வண்டிகளுமாக அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"எந்த இடம் உங்களுடையது?" என்று ரஷ்யர் கேட்டார்.

எனக்கே தெரியாது. வண்டி வைக்கும் மூலையைக் காட்டினேன். இருவரும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அமெரிக்கர் பையிலிருந்த காலுறையை எடுத்து, மடித்து, வண்டிக்குள் போட்டார்.

வெளியே வரும்போது ரஷ்யர் கதவின் கனத்தைக் கையை விரித்து அளந்தார். "நல்ல கதவு" என்றார்.

"ஆமாம், நல்ல கதவு" என்றார் அமெரிக்கர்.

மூவரும் மாடிக்கு வந்தோம். மேலே சோபாவில் இருந்தவரை எழுப்ப ரகு தொண்டையைச் செருமினார். எழுந்தவர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எல்லோரையும் எண்ணுவதுபோலப் பார்த்தார். "குழந்தை தூங்கிவிட்டது" என்று ரஷ்யர் அவருக்குச் சொன்னார். போகும்போது ரஷ்யர்கள் லிஃப்டில் போனார்கள். அமெரிக்கர் படியில் இறங்கினார்.

மறுநாள் காலை திலகம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கதைச்சவையோ?"

"ஏரி ஓரமா நடந்துக்கிட்டே பேசினாங்க அக்கா. நித்யாவை வண்டில வெச்சுக்கிட்டு."

"பிள்ளையை அவையளிட்டக் குடுத்து விட்டனீங்களோ?" என்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "நல்ல வேலை செய்தியள். என்ன கதைச்சவை?"

"தெரியலை."

"பரவாயில்லை. வடை நல்லா வந்ததோ?"

இரண்டு வாரம் கழித்து அந்தக் குழுவின் நிகழ்ச்சி நிரல் முடிவாயிற்று. ஒரு வாரமாவது கூடினார்கள். வடைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று ரகுவைக் கேட்டேன். "யாரும் உண்டுன்னு சொல்ல மாட்டாங்க. அதுதான் நல்லது" என்றார்.

அதே ஆகஸ்டில் இமயமலைப் பக்கம் நடந்த பேச்சு முறிந்துபோனது. விடைபெற நான் போன் செய்தபோது திலகம் அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்பியிடமிருந்து செய்தி வந்ததா என்று கேட்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே, "பிள்ளைக்குக் காலுறை போட்டனீங்களோ? பிளேனுக்குள்ள குளிரும்" என்றார்.

நவம்பரில் திருச்சியில் விடாத மழை. வாசலில் ஈரமாய்க் கிடந்த பேப்பரைப் பிரித்தால், முதல் பக்கத்தில் ஜெனீவா. இரண்டு நாடுகளின் தலைவர்களும் அதே ஏரிப் பக்கம் சந்தித்துக்கொண்டார்கள். மேல்கோட்டோடு இருவரும் சேர்ந்து நடந்து வரும் படம். ஒருவர் ஏதோ சொல்கிறார், மற்றவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். பெரிதாக எதுவும் முடிவாகவில்லை, ஆனால் மீண்டும் சந்திக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று கீழே போட்டிருந்தது.

நித்யாவை மடியில் வைத்துக்கொண்டு படத்தைக் காட்டினேன். அவளுக்கு ஞாபகம் இருக்க வழியே இல்லை. படத்தையே உற்றுப் பார்த்தாள். நடந்து வரும் இருவருக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"வண்டி?" என்று கேட்டாள்.